‘ஆள்சேர்க்கும் அதிகாரி’ கடல் கடந்த வரலாறு

ஆங்கில நாடகம் என்றவுடன் நம் மாணவர் நினைவுக்கு வருவது சேக்சுபியர் ஒருவரே. ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எம் தலைமுறையினர்க்கும் அவ்வாறே கற்பிக்கப்பட்டது. ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் ஒரு கையில் வாளும் மறு கையில் சேக்சுபியரும் ஏந்திச் சென்றனர் என்பது போன்றதோர் எண்ணம் எம் உள்ளத்தில் பதிந்திருந்தது. ஆயினும் குடியேற்ற நாடுகளின் மேடை வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு வேறொரு பெயர் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். நியூயார்க்கில் 1732ஆம் ஆண்டிலும், சார்ல்ஸ்டன் நகரில் 1736ஆம் ஆண்டிலும், சிட்னியில் 1789ஆம் ஆண்டிலும் மேடையேறியது ஒரே நகைச்சுவை நாடகம். ஜார்ஜ் ஃபார்க்குவர் என்பார் இயற்றிய ‘ஆள்சேர்க்கும் அதிகாரி’ என்பதே அது.

இன்று இந்நாடகத்தைப் படிப்போர் குறைவு. பெயரை அறிந்தோரும் பெரும்பாலும் அதனைச் சிட்னியில் கைதிகள் நடித்த நாடகம் என்ற அளவிலேயே அறிவர். அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பிற்காலத்தார் எழுதிய புதினமும் நாடகமும் புகழ் பெற்றுவிட்டமையால், மூல நாடகம் பின்தள்ளப்பட்டது. உண்மையில் நடந்ததும் மங்கிப்போயிற்று. இவ்விரண்டையும் ஓரளவு துலக்கிக் காட்ட முயல்வதே இக்கட்டுரை.

ஃபார்க்குவர் அயர்லாந்தில் பிறந்தவர். டப்ளின் நகரில் நடிகராய்த் தொழில் தொடங்கினார். ஒருநாள் மேடைச் சண்டையில் மழுங்கிய வாளுக்கு மாறாக உண்மை வாளை ஏந்தி உடன் நடித்தவரைக் காயப்படுத்திவிட்டார். அன்றோடு நடிப்பைக் கைவிட்டு எழுத்தை மேற்கொண்டார் என்பது அவர் வரலாறு. 1704ஆம் ஆண்டில் படையில் துணை அதிகாரியாய்ச் சேர்ந்து, பிரெஞ்சுக்காரரோடு நடந்த போருக்கு ஆள் திரட்டும் பணியில் அமர்த்தப்பட்டார். சுரூஸ்பெரி முதலிய நாட்டுப்புற நகரங்களில் தண்டோரா போட்டு ஆள் சேர்த்த அந்தப் பட்டறிவே நாடகமாக மலர்ந்தது. 1706 ஏப்ரல் 8ஆம் நாள் இலண்டன் டுரூரி லேன் அரங்கில் அது முதன்முதல் நடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, முப்பது வயதளவில், ஆசிரியர் வறுமையில் இறந்தார். நாடகமோ அந்த நூற்றாண்டு முழுதும் இலண்டன் மேடையை விட்டு இறங்கவில்லை.

கதை எளியது. கேப்டன் பிளூம் என்பவன் சுரூஸ்பெரிக்கு ஆள் சேர்க்க வருகிறான். அவனுக்கு வலக்கையாக இருப்பவன் சார்ஜண்ட் கைட். நடுவர் பேலன்சு என்பாரின் மகள் சில்வியா பிளூமைக் காதலிக்கிறாள். தந்தை தடுக்கவே, ஆண் வேடம் பூண்டு, தானே படையில் சேரும் ஆளாக வந்து நிற்கிறாள். இறுதியில் உண்மை வெளிப்பட்டு மணம் முடிகிறது. இவ்வளவில் நின்றிருந்தால் அக்காலத்து நூறு நாடகங்களுள் இதுவும் ஒன்றாய்ப் போயிருக்கும். காதற் கதை இந்நாடகத்திற்கு மேற்பூச்சு. உயிர் இருப்பது ஆள் சேர்க்கும் காட்சிகளில்.

தொடக்கத்திலேயே கைட் கடைத்தெருவில் முரசு அறைவித்துப் பேசுகிறான். எசமானனைப் பிடிக்காத வேலைக்காரனும், மனைவியைப் பிடிக்காத கணவனும் தன்னிடம் வரலாம் என்கிறான். கையில் ஒரு தொப்பி; அதனை அணிபவன் அக்கணமே பெருமகன் ஆவான் என்று ஆசை காட்டுகிறான். கூட்டத்தில் ஒருவன் தொப்பியை முகர்ந்து பார்க்கிறான். வியர்வையும் கந்தகமும் நாறுகின்றன என்கிறான். பெருமையின் படுக்கை என்று ஒன்று உண்டு என்றும், அதில் பதினாயிரம் பேர் ஒருவர் மேல் ஒருவர் படாமல் படுத்துறங்கலாம் என்றும் கைட் சொல்லும்பொழுது பட்டிக்காட்டான் வாய் பிளக்கிறான். அந்தப் படுக்கை போர்க்களத்துப் புதைகுழி என்பது அவையோர்க்கு விளங்கும், அவனுக்கு விளங்காது. ஆள் கட்டுவோரின் இனிப்புப் பேச்சைப் பாட்டன் பாட்டியர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நமக்குக் கைட்டின் சொற்கள் அந்நியமாகப் படுவதில்லை.

இதனினும் நுட்பமானது, பியர்மெயின், ஆப்பிள்ட்ரீ என்னும் இரு உழவர் அகப்படும் காட்சி. அரசியின் உருவப்படம் என்று சொல்லி இருவர் கையிலும் பொற்காசைத் திணிக்கிறான் கைட். காசை வாங்கியவன் படையில் சேர்ந்தவன் என்பது சட்டம். அவர்கள் அலறும் வேளையில் பிளூம் வருகிறான். சார்ஜண்டைக் கடிந்து விரட்டுகிறான். ஏழைகளை ஏமாற்றுவது தகுமா என்கிறான். நீங்கள் விரும்பினால் போகலாம் என்று நயமாகப் பேசுகிறான். அந்த நயத்தில் மயங்கிப் பியர்மெயின் தானே முன்வந்து சேர்ந்துவிடுகிறான். நண்பனைப் பிரிய மாட்டாமல் ஆப்பிள்ட்ரீயும் அழுதுகொண்டே சேர்கிறான். முரட்டு ஏமாற்று தோற்ற இடத்தில் பண்பான ஏமாற்று வெல்கிறது. பிளூமைக் கதைத்தலைவன் என்பதற்காக நல்லவன் என்று மாணவர்க்குக் கற்பிக்கும் உரைநூல்கள் இக்காட்சியை ஊன்றிப் படித்தனவா என்பது ஐயமே.

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. இந்நாடகத்தின் முற்பகுதியில் நாம் உழவரின் பேதைமை கண்டும் மடன் கண்டும் நகைக்கிறோம். ஐந்தாம் அங்கத்து நீதிமன்றக் காட்சிக்கு வரும்பொழுது நகை எள்ளலாக மாறுகிறது, எள்ளப்படுவோர் நீதிபதிகள். அக்காலத்துச் சட்டப்படி, கண்ணுக்குப் புலப்படும் பிழைப்பு இல்லாதவனை நடுவர்கள் பிடித்துப் படைக்கு அனுப்பலாம். ஒருவன் கொண்டுவரப்படுகிறான். அவனுக்கு மனைவியும் ஐந்து குழந்தைகளும் உண்டு. துப்பாக்கி வைத்து முயலும் கவுதாரியும் அடிக்கிறான் என்பதே அவன் மீது குறை. அவ்வளவு குறி தவறாமல் சுடுபவன் பிரெஞ்சுக்காரனையும் சுடட்டும் என்பது தீர்ப்பின் போக்கு. ஆண்டுதோறும் தான் ஒரு பிள்ளை பெறுவதால் ஊர்ப் பொதுப்பணத்திற்குப் பாரமாவோம் என்று அஞ்சியே கணவனை அனுப்புகிறார்கள் என்று மனைவி முகத்துக்கு நேரே சொல்கிறாள். அடுத்து வருபவன் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுபவன். உழைத்து உண்பவன் அவன். ஆனால் உழைப்பது நிலத்துக்கு அடியில் அல்லவா? ஆகவே கண்ணுக்குப் புலப்படும் பிழைப்பு இல்லை என்று முடிகிறது வழக்கு! சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டு சட்டத்தின் பொருளைக் கொல்வது எப்படி என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய நகைச்சுவையை யான் கண்டதில்லை.

ஆயினும் ஃபார்க்குவர் தாம் தொடங்கியதை முடிவு வரை கொண்டுசெல்லவில்லை. பிளூமுக்குச் செல்வமுள்ள மனைவி வாய்க்கிறாள். அவன் பணியை விட்டு விலகுகிறான். சேர்த்த ஆட்களை வேறொரு கேப்டனுக்கு விட்டுக்கொடுக்கிறான். அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று நாடகம் கேட்பதில்லை. தாமே ஆள் சேர்த்த அதிகாரியாகிய ஆசிரியர்க்கு அதற்கு மேல் கேட்க இயலவில்லை போலும். இக்குறையைப் பிற்காலத்தில் உணர்ந்து திருத்த முயன்றவர் செருமானிய நாடகாசிரியர் பிரெக்ட். அவரும் துணைவரும் 1955ஆம் ஆண்டில் இதனை ‘முரசும் எக்காளமும்’ என மாற்றி எழுதி, கதையை அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் அமைத்தனர். சேர்க்கப்பட்ட ஏழைகள் கடல் கடந்து, பிறருடைய உரிமையை நசுக்க அனுப்பப்படுபவர்கள் என்பது அதனால் வெளிப்படையாயிற்று.

இனி, குடியேற்றங்களில் இந்நாடகம் ஏன் இத்துணை விரும்பப்பட்டது? அமெரிக்கச் செய்தி சுவையானது. 1732 திசம்பர் 6ஆம் நாள் நியூயார்க்கில், ரிப் வான் டாம் என்னும் பெருங்குடி மகனுக்குரிய கட்டடத்தில் இது நடிக்கப்பட்டது. வொர்த்தி என்னும் கனவான் வேடம் ஏற்றவர் தாமசு ஹெடி; ஆளுநருக்கு முடி திருத்திப் பொய்முடி செய்து கொடுத்த நாவிதர் அவர். காலையில் கனவான்களின் தலையைச் சீவியவர் மாலையில் கனவானாகவே மேடையேறினார். அந்நகரில் பதிவாகியுள்ள மிகப் பழைய நாடக நிகழ்ச்சிகளுள் அஃது ஒன்று. 1736 பெப்ருவரியில் சார்ல்ஸ்டன் நகரின் டாக் தெரு அரங்கு இந்நாடகத்தைக் கொண்டே திறக்கப்பட்டது. குடியேற்ற நகர்களில் படைவீரர் எங்கும் இருந்தனர். நாட்டுப்புறத்து ஆங்கிலேய வாழ்வை விட்டு நெடுந்தொலைவு வந்தவர்க்கு அந்தக் கடைத்தெருவும் நடுவர் வீடும் பழைய ஊரை நினைவூட்டின. அதிகாரிகள் பிளூமின் மிடுக்கைக் கண்டு மகிழ்ந்தனர். சாதாரண வீரர் கைட்டின் புரட்டைக் கண்டு சிரித்தனர். ஒரே நாடகம் இரு வகுப்பார்க்கும் இருவேறு இன்பம் தந்தது. அமெரிக்கச் செய்தியில் இதற்கு மேல் ஆராய்வதற்கு அதிகம் இல்லை. சிட்னியின் கதை அவ்வாறன்று.

முதற் கப்பற்படை எனப்படும் பதினொரு கப்பல்கள் 1787 மே 13ஆம் நாள் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, 1788 சனவரியில் ஆஸ்திரேலியக் கரையை அடைந்தன. அவற்றில் வந்தோரில் பெரும்பகுதியினர் நாடு கடத்தப்பட்ட கைதிகள். அவர்களைக் காக்கக் கடற்படை வீரர் உடன் வந்தனர். ஆளுநர் ஆர்தர் பிலிப். ஓராண்டு கழிந்தும் நிலம் விளையவில்லை. உணவு குறைந்துகொண்டே வந்தது. 1789 மார்ச்சு 27ஆம் நாள் பண்டகசாலையில் திருடிய குற்றத்திற்காக ஆறு படைவீரர் தூக்கிலிடப்பட்டனர். காவலரே திருடித் தூக்கில் தொங்கினர் என்றால் அந்நாளைய பசியை நாம் அளந்துகொள்ளலாம். அடுத்த மாதமே அந்நிலத்தின் பழங்குடி மக்களிடையே பெரியம்மை பரவியது. சிட்னியைச் சூழ்ந்து வாழ்ந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டனர் என ஆளுநர் பிலிப்பே கணித்தார். பாறை இடுக்குகளிலும் கரையோரங்களிலும் புதைப்பாரின்றிப் பிணங்கள் கிடந்தன.

பழங்குடியினரோடு பேச்சுறவு கொள்ள வேண்டும் என்று கருதிய பிலிப், 1788ஆம் ஆண்டின் கடைசி நாளன்று ஒருவனைப் பிடித்துவரச் செய்திருந்தார். அவன் பெயர் அரபானு. பிடித்துவரப்பட்டவனாயினும் நோயுற்ற தன் மக்களுக்குப் பணிவிடை செய்தான். அந்நோயே அவனையும் பற்றியது. 1789 மே 18ஆம் நாள் இறந்தான். ஆளுநரின் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டான்.

பதினேழு நாள் கழித்து, சூன் 4ஆம் நாள், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாள். பீரங்கிகள் முழங்கின, படையினர் மூன்று முறை வேட்டு முழக்கினர், தாம் அண்மையில் குடிபுகுந்த புதிய மாளிகையில் ஆளுநர் அதிகாரிகளுக்கு விருந்தளித்தார். மாலையில் ஒரு குடிசையை அரங்காக்கி, கைதிகள் ‘ஆள்சேர்க்கும் அதிகாரி’யை நடித்தனர். இது நாம் அறிந்த அளவில் அக்கண்டத்தில் நடிக்கப்பட்ட முதல் ஐரோப்பிய நாடகம்.

இந்நிகழ்ச்சியைக் கண்டவர் காலத்தே எழுதியவர் இருவர். ஒருவர் கடற்படை அதிகாரி வாட்கின் டெஞ்சு. அவர் நூல் 1793ஆம் ஆண்டில் வெளிவந்தது. மற்றொருவர் டேவிட் காலின்ஸ். குடியேற்றத்தின் நீதி அதிகாரி, குற்ற வழக்கு மன்றத்திற்குத் தலைமை தாங்கியவர். அவர் நூல் 1798ஆம் ஆண்டினது. இருவர் எழுதியதையும் கூட்டினாலும் ஒரு பக்கம் நிரம்பாது. மண்சுவரில் செருகிய மலிவான மெழுகுதிரிகள் ஒரு டசன், சாயம் தோய்த்த காகிதம் மூன்று நான்கு கெசம்: இவையே மேடை அலங்காரம் என்கிறார் டெஞ்சு. பல தரத்தினராக அறுபது பேர் அளவில் அவையில் இருந்தனர், ஆளுநரும் வந்திருந்தார். நடிகர்கள் ஒரு சிறு முறுவலை எழுப்புவதற்கு மேல் எதையும் வேண்டவில்லை என்றும், கைதட்டல் கிடைக்காமல் போகவில்லை என்றும் காலின்ஸ் எழுதினார். நடித்தவர் ஒருவர் பெயரேனும் குறிக்கப்படவில்லை. பயிற்றுவித்தவர் பெயரும் இல்லை.

நீதிமன்றக் காட்சியை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அற்பத் திருட்டுக்கு ஏழாண்டு, பதினான்காண்டு, வாழ்நாள் முழுதும் என நாடு கடத்தப்பட்டவர்கள், ஏழையைச் சொற்புரட்டால் சிக்கவைக்கும் நீதிபதிகளாக வேடம் பூணுகின்றனர். அவர்களுக்குத் தண்டனை விதிக்கும் அதிகாரம் உடையவர்கள் எதிரே அமர்ந்திருக்கின்றனர். நிலக்கரி வெட்டுபவனின் வழக்கு வந்தபோது யார் சிரித்தனர், யார் சிரிக்கவில்லை என்பதை டெஞ்சு எழுதியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை. நாடகத்தை ஆளுநர் இசைந்து நடிக்கவிட்டார் என்றால், அதன் எள்ளலை அதிகாரிகள் தம்மேல் பட்டதாகக் கொள்ளவில்லை என்றே கருத வேண்டும். எண்பது ஆண்டு பழைய நாடகம், இலண்டனில் எல்லோரும் பார்த்த நாடகம், அரசர் பிறந்தநாளுக்கு ஏற்றதாய்ப் படையினர் வரும் நாடகம் என்ற அளவில் அவர்கள் நிறைவுற்றிருப்பர். பழகிய நகைச்சுவைக்கு முள் மழுங்கிவிடுகிறது. நடித்தவர்க்கும் அது மழுங்கியிருந்ததா என்பது வேறு கேள்வி.

அதற்கு விடை கிடைத்திருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. நடித்தவர்களுள் ஒருவர் அந்நிகழ்ச்சிக்கென முன்னுரைப் பாட்டும் முடிவுரைப் பாட்டும் எழுதினார் என்று டெஞ்சு குறிப்பிடுகிறார். தங்கள் நிலையைக் குறித்தும், இப்புது நாட்டில் நாடகம் நடப்பதன் புதுமையைக் குறித்தும் அவற்றில் ஓரளவு நல்ல குறிப்புகள் இருந்தன என ஒப்புக்கொள்கிறார். ஆயினும் தம் நூலில் சேர்க்கும் அளவுக்குத் தரம் உடையன அல்ல என்று விட்டுவிட்டார். கைதி ஒருவன் தன் நிலையைப் பற்றித் தன் வாயால், ஆளுநர் முன்னிலையில் சொன்ன சொற்கள் இலக்கியத் தரம் போதாது என்ற காரணத்தால் அழிந்தன. டெஞ்சு கொடியவர் அல்லர். அக்காலத்து அதிகாரிகளுள் மனிதத் தன்மை மிக்கவர், நல்ல உரைநடை வல்லவர். அவருடைய சுவையுணர்ச்சியே இந்த இழப்பைச் செய்தது.

இதனை எழுதும்பொழுது என் நெஞ்சு குறுகுறுக்கிறது. பல்லாண்டுகளுக்கு முன் யான் பணியாற்றிய ஒரு பள்ளியில் பரிசளிப்பு விழாவுக்கு நாடகம் பயிற்றினேன். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் தானே வரவேற்புப் பாட்டு ஒன்று எழுதி வந்தான். எதுகை இல்லை; தளை தட்டியது; தோட்டத்து லயத்தில் குழாய்த் தண்ணீர் வராததைப் பற்றியும் ஏதோ இருந்தது. சிறப்பு விருந்தினர் முன் இது பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டு, யானே எழுதிய வெண்பா ஒன்றைப் பாடச் செய்தேன். என் வெண்பா பிழையற்றது. அதில் என்ன சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. அவன் தண்ணீரைப் பற்றி எழுதினான் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

டெஞ்சு விட்ட வெற்றிடத்தில் வேறொரு பாட்டு வந்து அமர்ந்துகொண்டது. சிட்னி அரங்கின் முன்னுரைப் பாட்டு என்று ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது. நாங்கள் நாட்டை விட்டு வந்ததே நாட்டின் நன்மைக்காக அன்றோ என்று இரு பொருள்படக் கைதிகள் கூறுவதாக அமைந்த அப்பாட்டு கூர்மையானது. ஒருமுறை கேட்டால் மறவாது. அதனை இயற்றியவர் ஜார்ஜ் பாரிங்டன் என்னும் புகழ் பெற்ற சட்டைப்பைத் திருடர் என்று கூறப்பட்டது. பாரிங்டன் சிட்னிக்கு வந்ததோ 1791ஆம் ஆண்டில்; 1789ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் அவருக்குப் பங்கிருக்க வழியில்லை. கைதியாய் இருந்து விடுதலை பெற்ற ரொட்டிக்காரர் இராபர்ட் சிடவே 1796 சனவரியில் தொடங்கிய அரங்கிற்கு உரியது அப்பாட்டு என்றும் கூறினர். அதுவும் நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் இருந்த கார்ட்டர் என்னும் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனைந்து பாரிங்டன் பெயரில் உலவவிட்டதே அது என்பது ஆய்வாளர் முடிவு. உண்மைக் கைதியின் பாட்டுக்குத் தரமில்லை என்று கூறப்பட்டது. கைதியின் பெயரால் இங்கிலாந்தில் ஒருவர் எழுதிய பாட்டோ நிலைத்து நின்றது. அப்பாட்டின் சிலேடையில் கைதி தன்னைத் தானே எள்ளிக்கொள்கிறான். அவனை அனுப்பிய சட்டத்தின் மீது ஒரு சொல்லும் இல்லை. இங்கிலாந்து அதனை விரும்பியதில் வியப்பில்லை.

இந்த இடத்தில்தான் இருபதாம் நூற்றாண்டின் இரு படைப்புகள் வந்து சேர்கின்றன. ஆஸ்திரேலிய எழுத்தாளர் தாமசு கெனீலி 1987ஆம் ஆண்டில் ‘நாடகம் ஆக்குவோன்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். அதனைத் தழுவி டிம்பர்லேக் வெர்ட்டன்பேக்கர் எழுதிய ‘நம் நாட்டின் நலம்’ என்னும் நாடகம் 1988 செப்டம்பரில் இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில், ‘ஆள்சேர்க்கும் அதிகாரி’யோடு மாறி மாறி நடிக்கப்பட்டது. தலைப்பே அந்தப் பொய்ப்பாட்டின் சிலேடையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்க. இரண்டிலும் ரால்ஃப் கிளார்க் என்னும் இளம் அதிகாரி கைதிகளுக்கு நாடகம் பயிற்றுகிறார். கிளார்க் உண்மையில் வாழ்ந்தவர், நாட்குறிப்பும் எழுதியவர். அவர் நாடகம் பயிற்றினார் என்பது புதின ஆசிரியரின் கற்பனை.

வெர்ட்டன்பேக்கரின் நாடகத்தை யான் மதிக்கிறேன். கைதிகளுக்கு நாடகம் தகுமா என்று அதிகாரிகள் வாதிடும் காட்சி எந்த ஆசிரியர் அறையிலும் நடக்கக்கூடிய வாதம்: தண்டித்துத் திருத்துவதா, கற்பித்துத் திருத்துவதா? பேச மறந்திருந்த பெண் கைதி ஒருத்தி மேடைச் சொற்களைப் பயின்று தன் சொற்களைக் கண்டடைகிறாள். நாடகம் மனிதரை உயர்த்தும் என்ற நம்பிக்கை அதில் ஒளிர்கிறது. 1989ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஒரு சிறைச்சாலையில் கைதிகளே இதனை நடித்தனர். அதனால் தாம் பெற்றது என்ன என்பதை ஆசிரியைக்குக் கடிதமாக எழுதினர். அக்கடிதங்கள் நூலின் பதிப்பில் அச்சாகியுள்ளன. பள்ளியில் நாடகம் பயிற்றிய எவரும் இதனைப் பொய் என்று கூறத் துணியார்.

ஆயினும் திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி, இது உண்மையாகும் இடம் எது என்பதே. 1989ஆம் ஆண்டுச் சிறைக்கு இது பொருந்துகிறது. 1789ஆம் ஆண்டுச் சிட்னிக்கு இதனைச் சான்றாகக் காட்டுவது பிழை. அன்று நடந்தது ஒரு பிறந்தநாள் வேடிக்கை. ஒரு மாலைப் பொழுது. அதனால் எவரேனும் திருந்தினர் என்றோ, எவருடைய வாழ்வேனும் மாறியது என்றோ பதிவில்லை. மறுநாளும் அதே சவுக்கு, அதே அளவுச் சோறு. சிடவேயின் அரங்கு நடந்த காலத்தில், வீட்டுக்காரர் நாடகம் பார்க்கப் போன நேரம் பார்த்து அவர்கள் வீடுகள் கொள்ளையடிக்கப்பட்டன என்று காலின்ஸ் எழுதி வைத்துள்ளார்! கலையின் திருத்தும் ஆற்றலைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றும் நண்பர்கள் இக்குறிப்பையும் படித்தல் நலம்.

மேலும் ஒன்று. வெர்ட்டன்பேக்கரின் நாடகத்தில் பழங்குடி மகன் ஒருவன் வருகிறான். கப்பல் வருவதைக் கனவென்று எண்ணி விலகி நின்று காண்கிறான். பிற்பகுதியில் அம்மை கண்ட உடலோடு தோன்றுகிறான். அவனுக்கு ஒதுக்கப்பட்டவை சில வரிகளே. நாடகம் கைதிகளின் வெற்றியில், பீத்தோவனின் ஐந்தாம் இசையின் முழக்கத்தில் முடிகிறது. (அவ்விசை பிறந்தது 1808ஆம் ஆண்டில் என்பதைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை, நாடகத்திற்கு அவ்வுரிமை உண்டு.) அந்த முழக்கத்தில் அம்மை கண்டவன் மறக்கப்படுகிறான். ஆசிரியை அறிந்தே இதனைச் செய்தார், அவையோரை உறுத்தவே செய்தார் என்று வாதிடலாம். அரங்கில் அவ்வாறு உறுத்தியதா என்பதை யான் ஐயுறுகிறேன். கெனீலியின் புதினத்திலும் இக்குறை உண்டு. எனினும் அவர் தம் நூலை அரபானுவுக்கும் அவன் இனத்தாருக்கும் உரிமையாக்கி, அவர்கள் இன்னும் நிலமிழந்தே நிற்கின்றனர் என்பதை அங்கேயே சுட்டிவிடுகிறார். நூலின் முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களைவிட அந்த உரிமையுரை என் மனத்தில் ஆழமாய்ப் பதிந்தது.

ஃபார்க்குவரின் நாடகம் அக்குடிசையில் நடந்தபோது ஆங்கிலேயருக்குள்ளேயே ஆள்வோரும் ஆளப்படுவோரும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். இருவரும் சேர்ந்து ஒரு நாடகத்திற்குச் சிரித்தனர். அச்சிரிப்பில் பங்கில்லாத மூன்றாமவர், பக்கத்துக் கரைகளில் செத்துக்கொண்டிருந்தனர். இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் நாடகம் ஒன்றை யான் இதுவரை படித்ததில்லை. நீதிமன்றக் காட்சியின் கசப்பை ஃபார்க்குவர் திருமணத்தால் மூடினார்; சிட்னியின் கசப்பைப் பின்வந்தோர் கலையின் வெற்றியால் மூடினர். மாணவர்க்கு இவற்றைக் கற்பிப்போர், மூடியவற்றைத் திறந்து காட்டிய பின்னரே கைதட்டச் சொல்ல வேண்டும்.

சிட்னி மேடையின் தொடக்கக் காலத்திலிருந்து நமக்குக் கிடைத்துள்ள காகிதம் ஒன்று உண்டு. சிடவேயின் அரங்கில் 1796 சூலை 30ஆம் நாள் நடந்த ‘ஜேன் ஷோர்’ என்னும் நாடகத்தின் விளம்பரத்தாள் அது. முதற் கப்பற்படையோடு வந்த சிறு மர அச்சுப்பொறியில் ஜார்ஜ் ஹியூசு என்பவர் அச்சிட்டது. ஆஸ்திரேலியாவில் அச்சாகி இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது அதுவே. யாரோ ஒருவர் அதனை ஓர் ஒட்டுநூலில் ஒட்டி வைத்தார்; அந்நூல் எப்படியோ கனடாவுக்குப் போய், அந்நாட்டு நூலகத்தில் இருந்தது. 2007ஆம் ஆண்டில் கனடா அதனை ஆஸ்திரேலியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. இப்பொழுது கான்பராவில் தேசிய நூலகத்தில் உள்ளது. அதில் நுழைவுக் கட்டணம் உண்டு. யார் யார் எந்த வேடம் ஏற்றனர் என்பதும், வேடத்திற்கு நேரே நடித்தவர் பெயருமாக, வரிசையாய் அச்சிடப்பட்டிருக்கிறது.